எட்டயபுரத்தில் அடங்கிய நாதம்: முத்துசுவாமி தீட்சிதர் வாழ்வு தரும் பாடம்

அதிகாலையில் மந்திர ஒலி கேட்காத இந்து ஆலயம் இன்று அரிதாகிவிட்டது. ஒலிநாடாவில் தொடங்கி, இறுவட்டுக்கு மாறி, இப்போது கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்திருக்கும் அந்த ஒலி வீடுகளிலும் கடைகளிலும் வாகனங்களிலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கின்றது. ஆனால், அதனைக் கேட்போரில் எத்தனை பேர் உடன்சேர்ந்து ஓதுகின்றனர் என்ற கேள்வி எழாமலில்லை. மந்திரத்தைத் தன் வாயால் நாள்தோறும் ஓதுவதும், அதனை இசையோடு இசைத்து அந்த இசையிலேயே மனத்தை நிறுத்துவதும் மிகப் பழைய ஒரு பயிற்சியாகும். அப்பயிற்சி யாருக்கு உரியது என்பதும் பழைய வினாவேயாகும். இவ்விரண்டையும் தமது வாழ்வாலேயே தொட்டுச் சென்ற முத்துசுவாமி தீட்சிதரின் வரலாற்றை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படும் சியாமா சாஸ்திரிகள், தியாகராஜ சுவாமிகள், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் திருவாரூரிலேயே பிறந்தவர்கள். இவர்களில் வயதால் இளையவரான தீட்சிதரின் பிறப்பு 1775ஆம் ஆண்டு எனப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றது. பஞ்சாங்கக் கணிப்பின்படி 1776 எனக் கூறுவோரும் உளர். தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் இசையிலும் வடமொழியிலும் வல்லவர். இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் நாம் அடிக்கடி கேட்கும் ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் அவரே. எழுபத்திரண்டு மேளகர்த்தா முறையை வகுத்த வேங்கடமகியின் வழிவந்த பரம்பரையிலேயே அவர் இசை பயின்றார். ஆகவே, முத்துசுவாமியும் அவரது தம்பியரான சின்னசுவாமி, பாலுசுவாமி ஆகியோரும் இலக்கணச் செறிவு மிக்க இசைச் சூழலில் வளர்ந்தனர்.

சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியில் துபாஷியாகப் பணியாற்றிச் செல்வம் ஈட்டிய முதலியார் குடும்பம் ஒன்று இராமசுவாமி தீட்சிதரை அழைத்து ஆதரித்தது. அது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி தென்னகத்தில் வேரூன்றிக்கொண்டிருந்த காலம். புனித ஜோர்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினர் இசைப்பதைக் கேட்கும் வாய்ப்பு இச்சகோதரர்களுக்குக் கிட்டியது. இளையவரான பாலுசுவாமி ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதனைக் கர்நாடக இசைக்கு ஏற்றவாறு வாசித்த முன்னோடியானார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. முத்துசுவாமியோ தாம் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டு சுவர சாகித்தியங்கள் என வழங்கும் இச்சிறு பாடல்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை. ஆங்கிலேய அரச கீதத்தின் மெட்டிலேயே அம்பிகையைப் பாடிய ஒன்றும் அவற்றுள் அடங்கும். ஆளவந்தவரின் இசையை வெறுத்தொதுக்கவுமில்லை, அதற்கு அடிமைப்படவுமில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

அவரது வாழ்வைத் திசைதிருப்பிய நிகழ்வு மணலியிலேயே நேர்ந்தது. அங்கு வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞரான முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு கேட்டார். மூத்த மகனைப் பிரிய மனமில்லாத தந்தையார் தயங்கியே இசைந்தார் என்று அக்குடும்ப வரலாறு கூறுகின்றது. காசியில் சில ஆண்டுகள் குருவுடன் தங்கிய முத்துசுவாமி அங்கு யோகமும் வேதாந்தமும் பயின்று, ஸ்ரீவித்தை எனப்படும் அம்பிகை வழிபாட்டில் தீட்சை பெற்றார். பதினைந்து எழுத்துகளைக் கொண்ட மந்திரத்தை நாள்தோறும் உருவேற்றுவதும், ஸ்ரீசக்கரத்தைப் பூசிப்பதும், ஆயிரம் நாமங்களை ஓதுவதும் அவ்வழிபாட்டின் அங்கங்கள். அன்று தொடங்கிய அந்த நியமம் அவரது இறுதிநாள் வரை நீடித்தது. குருவானவர் காசியிலேயே உடல் நீத்தார். கங்கையில் இறங்கியபோது தீட்சிதரின் கையில் வீணையொன்று வந்து சேர்ந்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அவர் வீணையில் பெரும் தேர்ச்சி பெற்றவர் என்பது மட்டும் உறுதி.

காசி அவருக்கு மற்றொன்றையும் வழங்கியது. வடநாட்டு இசையில் துருபத் எனப்படும் பழைய முறையின் நிதானமும் ஆழமும் அவரது படைப்புகளில் படிந்திருப்பதாக இசை அறிஞர் பலர் கருதுகின்றனர். துருபத் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் டாகர் பரம்பரையினரைப் போன்ற முஸ்லிம் இசைக் குடும்பத்தவர்கள் முன்னணியில் நின்றவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இந்துத் தெய்வங்களைப் பற்றிய பாடல்களையும் அவர்கள் தூய்மை குன்றாது பாடிக் காத்தனர். யமுனா கல்யாணி, ஹமீர் கல்யாணி, பிருந்தாவன சாரங்கா, துவிஜாவந்தி போன்ற வடநாட்டுச் சாயலுள்ள இராகங்கள் தீட்சிதரின் கைவண்ணத்தில் தென்னகத்துக்குச் சொந்தமாகின.

காசியிலிருந்து திரும்பியவர் திருத்தணிகைக்குச் சென்று முருகப்பெருமான் சந்நிதியில் தவமிருந்தார். அங்கு முதியவர் ஒருவர் அவரது வாயில் கற்கண்டை இட்டு மறைந்ததாகவும், அக்கணத்திலேயே முதற் கீர்த்தனை பிறந்ததாகவும் சொல்லப்படுகின்றது. அதன்பின் தமது பாடல்கள் அனைத்திலும் குருகுக என்ற முத்திரையையே அவர் பதித்தார். திருத்தணிகையில் தொடங்கிய முதற்தொகுதியிலேயே அவரது தனித்தன்மை தெரிகின்றது. வடமொழி இலக்கணத்திலுள்ள எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொரு கீர்த்தனையாக அவர் வரிசைப்படுத்திப் பாடினார். இலக்கணமும் இசையும் வழிபாடும் ஒன்றாகவே அவருக்குத் தோன்றின.

பின்னர் காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்து உபநிஷத் பிரம்மேந்திரர் என்ற துறவியுடன் பழகினார். தலந்தோறும் சென்றார். சென்ற தலத்தின் மூர்த்தி, தீர்த்தம், விருட்சம், தலவரலாறு முதலியவற்றையெல்லாம் பாடலுக்குள் வைத்தார். ஐம்பூதத் தலங்களைப் பாடிய தொகுதி அவ்வாறு எழுந்ததே. இராகத்தின் பெயரையும் பொருளுக்கு இடையூறின்றிப் பாடலுக்குள்ளேயே இழைத்துவிடுவது அவருக்குக் கைவந்த கலை. ஆயினும் அவரது உள்ளம் இறுதியில் தேடிச் சென்றது பிறந்த ஊரான திருவாரூரையே.

திருவாரூரில் வீற்றிருக்கும் கமலாம்பிகையைப் பாடிய நவாவரண கீர்த்தனைகள், மந்திர ஓதுதலும் இசைத் தியானமும் ஒன்றாகிவிட்ட நிலைக்குச் சிறந்த சான்றாகும். ஸ்ரீசக்கரத்தில் புறத்தேயுள்ள சதுரம் முதல் நடுவேயுள்ள புள்ளி வரை ஒன்பது சுற்றுகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீர்த்தனை. அவற்றுக்கு முன்னே ஒரு தியானப் பாடல், பின்னே ஒரு மங்களம் எனப் பதினொரு பாடல்கள் அத்தொகுதியில் உள்ளன. ஆனந்தபைரவியில் தொடங்கிக் கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி, பைரவி, புன்னாகவராளி, சஹானா, கண்டா வழியாக ஆஹிரியில் அவ்வொன்பதும் முடிவுறுகின்றன. முதல் எட்டும் எட்டு வேற்றுமைகளில் அமைய, ஒன்பதாவதில் எல்லா வேற்றுமைகளும் ஒன்றுசேர்கின்றன. ஒவ்வொரு சுற்றின் பெயரும் அங்குறையும் யோகினியின் பெயரும் உரிய இடத்தில் வருகின்றன. மந்திரத்தைப் பெரும்பாலும் குறிப்பால் மட்டும் உணர்த்திச் செல்கின்றார். பூசை தெரிந்தவருக்கு அது பூசையாகின்றது; தெரியாதவருக்குச் சிறந்த இசையாகின்றது. நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் இரவுக்கொன்றாக இவற்றைப் பாடும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது.

இப்பாடல்களின் நடையைச் சற்று நோக்குவது பயனுடையது. பெரும்பாலானவை மிகவும் தாழ்ந்த காலத்தில் அமைந்தவை. நீண்ட தொகைச் சொற்கள் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாட வைக்கின்றன. இறுதியில் வரும் மத்திமகால அடிகளில் மட்டும் நடை இரட்டிப்பாகி, அடங்கியிருந்த ஆறு மதகு திறந்தாற்போல் பாய்கின்றது. எழுத்தொன்று குறுகினாலோ நீண்டாலோ பொருளும் தாளமும் ஒருங்கே பிழைத்துவிடும். ஆதலால் பாடுபவரின் மனம் வேறெங்கும் செல்ல இயலாது. தஜ்வீத் முறைப்படி அல் குர்ஆனை ஓதும் வழக்கமுடைய எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதாகத் தோன்றாது. ஓதலை அவர்கள் இசையென்று கொள்வதில்லை. எனினும், எழுத்து பிறக்குமிடம் அறிந்து, நிறுத்துமிடம் அறிந்து, நீட்டுமளவு அறிந்து ஓதவேண்டும் என்ற கண்டிப்பு இரு மரபுகளுக்கும் பொதுவானதே.

இவ்வொழுக்கத்தால் உடலுக்கும் நன்மை உண்டு என்பதற்கு அறிவியற் சான்றும் இருக்கின்றது. 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல்நலமுள்ள 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை ஓதச் செய்தும், வடமொழி மந்திரமொன்றை ஓதச் செய்தும் அவர்கள் அளந்தனர். இரண்டின் போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை என்ற அளவுக்குத் தாழ்ந்து, இதயத் துடிப்பின் ஒழுங்கும் சீர்பெற்றது. இந்த நன்மை ஓதியவர்களுக்குக் கிடைத்தது என்பதை, கைத்தொலைபேசியை ஓதவிட்டு வேறு வேலை பார்ப்போர் மனங்கொள்ள வேண்டும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது வினாவுக்கு வருவோம். வேத மந்திரங்கள் பூணூல் அணிந்த ஆடவர்க்கு மட்டுமே உரியவை என்பது அக்கால வழக்கு. ஸ்ரீவித்தை மந்திரமோ குருவிடம் தீட்சை பெற்றவர்க்கன்றிப் பிறருக்குச் சொல்லத்தகாதது. தீட்சிதர் இவ்வரம்புகளை எதிர்த்துக் குரலெழுப்பிய சீர்திருத்தவாதி என்று கூறுவது மிகையாகும். அவர் ஆசாரம் தவறாத வைதிகர். ஆயினும் அவரைச் சூழ்ந்திருந்த மாணவர் கூட்டத்தைப் பார்க்கும்போது வேறொரு காட்சி புலப்படுகின்றது. பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றைய வடிவத்தைத் தந்த தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரது மாணவர்கள். நாதஸ்வரக் கலைஞர்களும், கமலம் என்ற ஆலய நடன மாதும், சுத்த மத்தளம் தம்பியப்பன் என்ற வாத்தியக் கலைஞரும் அவரிடம் பயின்றனர்.

தம்பியப்பனைப் பற்றிய செய்தி வழிவழியாக வருவது. தீராத வயிற்றுவலியால் அவர் வருந்தியபோது, வியாழ கிரகத்தின் பார்வையே காரணம் எனச் சோதிடம் கூறியதாம். பரிகாரமாக ஓதவேண்டிய மந்திரமோ அவர் பிறந்த குலத்தவர்க்கு அக்காலத்தில் வழங்கப்படாதது. தீட்சிதர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. வியாழனைப் போற்றி அடாணா இராகத்தில் ஒரு கீர்த்தனையை இயற்றி, அதனை நாள்தோறும் பாடுமாறு அவருக்குக் கற்பித்தார். வலி தீர்ந்தது என்று வரலாறு முடிகின்றது. ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு கிரகங்களுக்கும் ஏழு சூளாதி தாளங்களில் கீர்த்தனைகள் அமைந்ததற்கு இந்நிகழ்வே தோற்றுவாய் என்பர். இராகு, கேது கீர்த்தனைகள் அவருடையனவா என்பதில் அறிஞரிடையே ஐயமுண்டு. நோய் பாட்டால் தீர்ந்ததா என்ற ஆராய்ச்சி எமக்கு இங்கு வேண்டியதில்லை. கதவு அடைபட்டிருந்த ஒரு மனிதருக்கு மந்திரம் பாட்டாக உருமாறி வந்து சேர்ந்தது என்பதே எமது கவனத்துக்குரியது. வழக்கத்தை அவர் உடைக்கவில்லை. தாம் அறிந்த இசையால் அதைச் சுற்றிக்கொண்டு ஒரு வழி சமைத்தார்.

திருவாரூர் வாழ்வு வறுமை நிறைந்தது. வீட்டில் உணவுக்கு வழியில்லாத நாளொன்றில் கமலம் தனது வளையலைக் கழற்றிக் கொடுக்க முன்வந்ததாகவும், அதை ஏற்க மறுத்துத் தியாகராசப் பெருமானையே துணையெனப் பாடினார் என்றும், அன்று மாலையே பொருட்கள் வந்து சேர்ந்தன என்றும் கூறுவர். மன்னரைப் பாடிப் பரிசில் பெறும் வழியை அவர் நாடவில்லை. தஞ்சை அரசு 1799ஆம் ஆண்டு கம்பனியின் கைக்குப் போனதும், பாளையங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்ததும் அவரது கண்முன்னே நடந்தவை. அக்கொந்தளிப்பின் நடுவிலும் வைகறைப் பூசையும் செபமும் வீணையும் பாட்டும் தவறியதில்லை.

இறுதியில் எட்டயபுரம் அவரை அழைத்தது. அங்கு அரசவை வித்துவானாயிருந்த தம்பி பாலுசுவாமியைக் காண அவர் தெற்கே பயணமானார். வழியில் வறண்டு கிடந்த பூமியைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட, மழை பொழிந்ததென்பது புகழ்பெற்ற கதை. 1835ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், வழமையான பூசையை முடித்துக்கொண்டு, மதுரை மீனாட்சியம்மையைப் பற்றிய பூர்விகல்யாணிக் கீர்த்தனையை மாணவர் பாடக் கேட்டவாறே அவர் உயிர் நீத்தார் என அக்குடும்பத்தார் பதிவு செய்துள்ளனர். எட்டயபுரத்தில் அவரது சமாதி இன்றும் இருக்கின்றது.

அவருடன் அந்த இசையும் மறைந்திருக்கக்கூடும். ஏட்டில் எழுதாது வாய்வழியே காக்கப்பட்ட அச்செல்வத்தை அச்சேற்றுவதற்குப் பாலுசுவாமியின் வளர்ப்பு மகனான சுப்பராம தீட்சிதர் நெடுங்காலம் தயங்கினார். குடும்பச் சொத்தை வெளியார் கையில் கொடுக்க எவருக்குத்தான் மனம்வரும்? அவரது தயக்கத்தைப் போக்கியவர்களில் முதன்மையானவர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவ அன்பர். கர்நாடக இசையை ஐரோப்பிய சுரக்குறியீட்டில் அச்சிடுவதற்குத் தமது பொருளையும் உடல்நலத்தையும் கண்பார்வையையும் செலவிட்டவர் அவர். அவரது வேண்டுகோளும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்தே 1904ஆம் ஆண்டு சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் வெளிவரச் செய்தன. தீட்சிதரின் இருநூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் சுரக்குறிப்புடன் உள்ளன. பின்னாளில் சென்னை மியூசிக் அகடமி அதனைத் தமிழ் எழுத்திலும் கொண்டுவந்தது. சின்னசாமி முதலியாரோ அந்நூலைக் காண உயிருடன் இல்லை. தம் சமயத்தைச் சாராத பாடல்களுக்காக ஒருவர் கண்ணொளியை இழந்தார் என்பதைப் படிக்கும்போது எமது தலை தானாகவே தாழ்கின்றது.

மறுபுறத்தில் வீணை தனம்மாளைப் போன்ற பெண் கலைஞர்கள் இப்பாடல்களைத் தமது இல்லத்தில் காத்து வளர்த்தனர். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடம் கற்ற நீதியரசர் டி. எல். வெங்கடராம ஐயர், அவற்றை டி. கே. பட்டம்மாளுக்குக் கற்பிக்க, அவர் மேடைதோறும் அவற்றைப் பரப்பினார். ஒருகாலத்தில் தீட்சை பெற்றோரின் பூசையறைக்குள் மட்டும் அடங்கியிருந்த பொருள், பாட்டாக மாறியபடியால் பெண்களின் குரலில் உலகெங்கும் சென்றது.

தீட்சிதர் வடமொழியில் பாடியது மக்களுக்கு விளங்காது என்ற குறைபாடு நெடுநாளாகக் கூறப்பட்டு வருகின்றது. 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. தேவாரம் பிறந்த மண்ணில் தமிழ்ப் பாடலுக்கு முதலிடம் கேட்பது தவறாகாது. அவரும் தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகிய மூன்றையும் கலந்து மணிப்பிரவாளமாக இயற்றியதுண்டு. ஆனால், புரியாத மொழி என்பதற்காக ஒரு செல்வத்தை ஒதுக்குவதைக் காட்டிலும், பொருளைக் கற்றுப் பாடுவதே அறிவுடைமையாகும். எமது நாட்டில் கர்நாடக இசை பயிலும் மாணவர் பலர் பரீட்சைக்காக இக்கீர்த்தனைகளை மனனம் செய்கின்றனர். ஆசிரியர்கள் சுரத்துடன் பொருளையும் கற்பிப்பார்களாயின், பரீட்சை முடிந்த பின்னரும் அவை மாணவருடன் இருக்கும்.

எட்டயபுரம் சிறியதோர் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அதன் அரசவையை அணிசெய்து அங்கேயே அடக்கம் பெற்றார். முத்துசுவாமி தீட்சிதரும் அங்கேயே அடங்கினார். 1882ஆம் ஆண்டு பாரதியார் பிறந்ததும் அவ்வூரிலேதான். சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா பாடியவரும் அவரே. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் பாடியவரும், அம்பிகையை வடமொழியில் பாடியவரும், விடுதலையைப் பாடியவரும் ஒரே மண்ணுக்குச் சொந்தமாயினர். மொழியாலும் சமயத்தாலும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கப் பழகிவிட்ட எமக்கு அவ்வூரின் நினைவு மிகவும் வேண்டியதாகும்.

எந்தச் சமயத்தவராயினும், தமக்குரிய புனித மொழியை நாள்தோறும் சிறிது நேரமேனும் தம் வாயாலேயே, பொருளுணர்ந்து, அவசரமின்றி ஓதுவாராக. கருவிகள் ஓதட்டும், ஆனால் எமக்குப் பதிலாக ஓதவேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருநாளும் விடாமல் அதனைச் செய்த ஒருவர், கையில் பொன் சேர்க்காமல் சென்றபோதிலும், கேட்க விரும்பும் எவர்க்கும் உரிய நாதத்தை விட்டுச் சென்றிருக்கின்றார்.